சித்தப்பா சொல்வதும் சரி, அவர் மகள் சொல்வதும் சரி

பின்னால் வாசிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு டோக்கியோவில் ஒரு வேலையும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு வேலையும் கிடைத்திருக்கின்றன. மனைவியும் ஆறு வயது மகளும் உடன் வருகிறார்கள். எங்கே இனவெறி குறைவு என்று வீட்டில் விசாரித்தீர்கள். 1990களில் சிங்கப்பூருக்குப் போய், குடியுரிமையும் வாங்கிவிட்ட சித்தப்பா "இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்றும் பார்த்ததில்லை, நாம் ஒழுங்காக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகளோ "அப்பாவுக்கு எதுவும் தெரியாது, நான் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் இப்படிச் சொன்னால் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேரையுமே நம்பலாம். தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதைச் சித்தப்பா சொல்கிறார். தனக்குச் சேர வேண்டியது முழுதாக வந்து சேர்ந்ததா என்பதை மகள் சொல்கிறாள். இவை இரண்டு வேறு கேள்விகள். வெளிநாட்டில் சிறுபான்மையாக வாழ்வதைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது வரும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவதுதான். நான் சிங்கப்பூரில் நெடுநாள் வேலை பார்த்தவன். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். வாடகை வீட்டுக்காரர்களின் சிக்கல்களுக்கு வழி சொல்லும் ஓர் ஆலோசனை மையத்தில் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போவேன். அங்கே கேட்டதும் அதன் பொருட்டுப் படித்ததும்தான் என் கையிருப்பு.

சித்தப்பாவின் சிங்கப்பூரை முதலில் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்ததில் சீனர் 74.3 சதவீதம், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. அந்த ஒன்பதிலும் ஒரு பகுதியினர்தான் தமிழர். ஆனாலும் தமிழ் ஆட்சிமொழி. தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு, பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு. 1959இல் அமைந்த அமைச்சரவையிலேயே யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் இருந்தார். 2023இல் தர்மன் சண்முகரத்தினம் 70.4 சதவீத வாக்குகள் பெற்று அதிபரானார். கிராமத்திலிருந்து போய் இறங்கிய ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சம்பளம் சொன்ன தேதியில் வருகிறது. எந்த அலுவலகத்திலும் கையூட்டு கேட்கவில்லை. மனைவி இரவு வேலை முடிந்து தனியாக ரயிலில் வருகிறார். தொழிற்கூடத்தில் மேலாளர் முகம் சுளித்ததை அவர் கணக்கில் சேர்க்கவே மாட்டார். பிழைக்கப் போன இடம், நாலு பேர் நாலு விதம் என்று விட்டுவிடுவார். அவர் ஒப்பிடுவது விட்டு வந்த ஊருடன்.

மகளுக்கு விட்டு வந்த ஊர் என்று ஒன்று கிடையாது. அவள் ஒப்பிடுவது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் சீனத் தோழியுடன். தினமும் காலையில் பள்ளியில் கொடிக்கு முன் நின்று, இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபடுவோம் என்று உறுதிமொழி சொல்லி வளர்ந்தவள். அந்த உறுதிமொழியின் முதல் வரைவை 1966இல் எழுதியவரும் அதே ராஜரத்தினம்தான். சொன்னதைச் சொன்னபடி நம்பிய பிள்ளை, வேலை விளம்பரத்தில் எந்தத் தேவையும் இல்லாத இடத்தில் 'மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்' என்று பார்க்கும்போது நின்றுவிடுகிறாள். 2019இல் அப்போதைய நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில், சீனரல்லாத ஒருவர் பிரதமராக வர மூத்த தலைமுறை இன்னும் தயாராகவில்லை என்ற பொருளில் பேசினார். சித்தப்பா அதை நடைமுறை பேசும் ஆள் என்று எடுத்துக்கொண்டிருப்பார். மகளுக்கு அது தன் முகத்துக்கு நேராகச் சொன்ன செய்தி.

வீட்டு விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வாழ்வது அரசு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில். 1989 மார்ச் முதல் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன ஒதுக்கீடு உண்டு. ஒரு கட்டடத்தில் சீனர் 87 சதவீதத்தையும், மலாய்க்காரர் 25ஐயும், இந்தியரும் பிறரும் 15ஐயும் தாண்டக் கூடாது. நோக்கம் நல்லது: ஒரே இனத்தார் ஒரே இடத்தில் அடைந்துகொண்டு சேரிகளும் தனிப் பேட்டைகளும் உருவாகக் கூடாது. ஆனால் சீனர் ஒதுக்கீடு நிரம்பிய கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் இந்தியர் அதை விற்க நினைத்தால் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டத்தில் பெரும்பகுதி கதவுக்கு வெளியே நின்றுவிடும். மாதக்கணக்கில் காத்திருந்து விலையைக் குறைக்க வேண்டியதாகும். இதை அரசே ஒப்புக்கொண்டு, மிகவும் திணறுகிறவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தது. விற்காதவரை இந்த விதி இருப்பதே தெரியாது. சித்தப்பா ஒருவேளை வீடு மாற்றாமலே இருந்திருக்கலாம்.

வாடகைக்குப் போனால் நிலைமை வேறு. இணையத்தில் வாடகை விளம்பரங்களிலேயே 'இந்தியர் வேண்டாம்' என்று பச்சையாக எழுதிய காலம் ஒன்று இருந்தது. இப்போது பெரும்பாலும் எழுதுவதில்லை. தரகர் தொலைபேசியில் முதல் கேள்வியாக என்ன இனம் என்று கேட்டுவிட்டு, வீடு போய்விட்டது என்பார். காரணம் கேட்டால் சமையல் வாடை. மசாலா வாடை சுவரில் ஏறிவிடுமாம். இதைக் கேட்டுக் கொதித்த தமிழர்களில் சிலருக்குச் சென்னையில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது, அதன் வாசலில் 'சைவம் மட்டும்' என்று பலகையும் தொங்குகிறது. மூக்கு என்னவோ எல்லா ஊரிலும் வீட்டு உரிமையாளருக்குத்தான் கூர்மை.

இன்னொன்று. சிங்கப்பூரில் 'தமிழர்' என்று பொதுவாகப் பேசவே முடியாது. அங்கேயே பிறந்த குடிமகன் ஒருவர், கணினித் துறைக்கு வந்த வேலை அட்டைக்காரர் ஒருவர், கட்டுமானத்துக்கு வந்த தொழிலாளி ஒருவர் என்று மூவரும் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஒரே கடையில் தோசை தின்பார்கள். ஆனால் மூவருக்கும் மூன்று சட்டம். தொழிலாளியை லாரியின் பின்புறத்தில் உட்கார்த்தி வேலைக்கு ஏற்றிப் போவது இன்றும் சட்டப்படி சரி. 2020இல் கொரோனா வந்தபோது விடுதிகளில் இருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் தொழிலாளர்கள் உள்ளேயே நிறுத்தப்பட்டார்கள். ஊரில் மற்றவர்கள் நடமாடத் தொடங்கி நெடுநாள் ஆன பிறகும் அவர்களுக்கு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இதை இனவெறி என்று சொன்னால், இல்லை இது வர்க்கம் என்பார்கள். வர்க்கம் என்றால், அந்த விடுதிகளில் ஏன் தெற்காசிய முகங்களே இத்தனை என்று கேள்வி வரும். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கலவரம் நடந்த மறுநாள், உள்ளூர்த் தமிழர்களே 'நாங்கள் வேறு, அவர்கள் வேறு' என்று அவசரமாகச் சொன்னதைக் காதால் கேட்டேன். பயம்தான் அப்படிப் பேச வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வித்தியாசத்தைப் பார்க்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தலைமுறைக்குத் தலைமுறை இந்தப் பார்வை மாறுவது சிங்கப்பூரின் தனிக்கதை இல்லை. நெதர்லாந்தில் துருக்கி, மொராக்கோ வழி வந்தவர்களை ஆராய்ந்தவர்கள் இதை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மொழி தெரிந்த, நன்றாகப் படித்த, உள்ளூரோடு கலந்துவிட்ட பிள்ளைகள்தான் பெற்றோரைவிடப் பாகுபாட்டை அதிகம் உணர்கிறார்கள். செய்தி படிக்கிறார்கள், கேலியின் உள்குத்து புரிகிறது, கிடைக்க வேண்டியது என்ன என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. மொழி புரியாதவருக்குப் பாதி அவமானம் சென்று சேர்வதே இல்லை. சித்தப்பாவுக்கு ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி எவ்வளவு தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

மாண்ட்ரியலில் வாழ்ந்த ஹைட்டி, இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1990இல் வெளிவந்தது. உங்கள் இனத்தாரிடம் பாகுபாடு காட்டப்படுகிறதா என்று கேட்டபோது அந்தப் பெண்கள் ஆமாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். உங்களிடம் காட்டப்பட்டதா என்று கேட்டால் அந்த அளவுக்கு இல்லை என்றார்கள். பிற்பாடு பல குழுக்களிடமும் இதே மாதிரிதான் தெரிய வந்தது. 'எல்லாருக்கும் நடக்கிறது, எனக்கு மட்டும் நடக்கவில்லை' என்று எல்லாரும் சொன்னால் கணக்கு எங்கோ உதைக்கிறது. ஒரு காரணம் மானம்: நான் ஏமாளி, என்னை ஒதுக்கினார்கள் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. நம் ஆட்களிடம் இது அதிகம். ஊருக்குப் பேசும்போது வெளிநாட்டு வாழ்க்கை வெற்றிக் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், பாகுபாட்டின் பெரும்பகுதி நம் கண்ணில் படவே படாது என்பது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று அமெரிக்காவில் சீனர் மீது வெறுப்பு மண்டியிருந்த 1930களின் தொடக்கத்தில் நடந்தது. ரிச்சர்டு லபியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் காரில் நாடு முழுக்கப் பயணம் செய்தார். விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குப் போனார்கள். இடமில்லை என்று சொன்னது ஒரே ஒரு இடம். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். அந்தத் தம்பதியிடம் கேட்டிருந்தால் அமெரிக்கா போல உபசரிப்பான நாடு இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் பொய் ஆகியிருக்காது. நேரில் சிரித்துப் பேசும், நல்ல உடை அணிந்த இரண்டு பேரை, அதுவும் வெள்ளைக்காரப் பேராசிரியர் கூட நிற்கும்போது, முகத்துக்கு நேராகத் துரத்துவது கடினம். கடிதத்தில் மறுப்பது சுலபம்.

இன்றைக்கு அந்தக் கடிதத்தின் இடத்தில் விண்ணப்பம் இருக்கிறது. பிரிட்டன் அரசின் வேலை, ஓய்வூதியத் துறைக்காக நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளைக்காரப் பெயருக்கு ஒன்பது விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல பதில் வந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களுக்குப் பதினாறு தேவைப்பட்டது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்து 2004இல் வெளியான ஆய்விலும் கறுப்பினப் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது. பிரிட்டன் சோதனையில் கூடுதலாகத் தேவைப்பட்ட அந்த ஏழு விண்ணப்பங்களைப் பற்றி யாரும் வீட்டில் வந்து கதை சொல்வதில்லை. நடந்ததே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? ஆகவே 'எனக்கு எதுவும் நடக்கவில்லை' என்பவரின் சாட்சியம் அவர் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் செல்லும்.

போகிறவர் எங்கிருந்து போகிறார் என்பதும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஈழத்திலிருந்து 1983 கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போனவர்கள் அங்கேதான் முதன்முதலாகச் சிறுபான்மை ஆனவர்கள் இல்லை. 1956இன் சிங்களம் மட்டும் சட்டம், தமிழ் மாணவரிடம் அதிக மதிப்பெண் கேட்ட பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1981இல் எரிந்த யாழ் நூலகம் என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், பேருந்தில் யாரோ திட்டினான் என்பது பெரிய செய்தி ஆகாது. பேர் கேட்டு இறக்கி அடிக்கவில்லையே என்பார்கள். அதே நேரம் அவர்களுடைய காது கூர்மையானது. அரசியல்வாதி ஒருவர் தொலைக்காட்சியில் 'உண்மையான குடிமக்கள்' என்று தொடங்கினாலே, இது எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஆதிக்கச் சாதியில் பிறந்து, பேர் சொன்னாலே மரியாதை கிடைத்து வளர்ந்த ஒருவருக்கு, விமான நிலையத்தில் தனியே அழைத்துப் பெட்டியைக் கிளறுவதுதான் வாழ்க்கையின் முதல் அவமானமாக இருக்கலாம். அதைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார். காலனித் தெருவிலிருந்து வந்த ஒருவருக்கோ, யார் என்று கேட்காமல் எந்தக் கடையிலும் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்ததே விடுதலையாக இருந்திருக்கும். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பலரும் அடுத்து சொன்னது, தமிழர் கூடும் இடத்துக்குப் போனால் "எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேள்வி வந்துவிடுகிறது என்பது. வெள்ளைக்காரரிடம் கிடைத்த நிம்மதி நம்மவரிடம் போய்விடுகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டல் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது; அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார். பிரிட்டன் அரசு சாதியைச் சமத்துவச் சட்டத்தில் நேரடியாகச் சேர்ப்பதில்லை என்று 2018இல் முடிவெடுத்தது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் 'நாங்களும் இங்கே சிறுபான்மைதான்' என்று வாதிட்ட நம்மவர் அமைப்புகளும் உண்டு.

காலமும் கணக்கில் வரும். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். சீக்கிரமே நாட்டுக்குள் விட்டார்கள். 2010 ஆகஸ்டில் எம்வி சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்தபோது, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் காவலில் வைத்தார்கள். அதே நாடு, அதே மக்கள் கூட்டம். கனடா எப்படி என்று இந்த இரு படகுக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள்.

நாடுகளுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணை கேவலமாக நடந்தது. அதை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று உணர்ந்தால், அதை இனவெறிச் சம்பவமாகப் பதிந்து விசாரிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது, போலீசும் ஏற்றுக்கொண்டது. விளைவாக இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி இன வெறுப்புக் குற்றங்களைப் பதிகிறது. பிரான்சோ அரசுக் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதே இல்லை. ஜப்பானில் பாகுபாட்டை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் சட்டமே கிடையாது. கேட்காத நாட்டில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். மருத்துவமனை இல்லாத ஊரில் நோயாளிப் பதிவேடும் இருக்காது.

இனி உங்கள் இரண்டு ஊர்கள். டோக்கியோவில் தெருவில் உங்களை யாரும் திட்டமாட்டார்கள். வன்முறைப் பயம் மிகக் குறைவு. மனைவி நடுஇரவில் நடந்து வரலாம். தொலைத்த பணப்பை திரும்பி வரும். ரயிலில் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகப் போவதைக் கவனிப்பீர்கள்; அங்கே வாழும் வெளிநாட்டவர் பலரும் சொல்லும் கதை அது. உண்மையான சுவர் வீடு தேடும்போது வரும். ஜப்பானின் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுக்குள் வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தரகர் உங்கள் முன்னாலேயே உரிமையாளருக்குத் தொலைபேசி போட்டு, மிகப் பணிவாக "வெளிநாட்டவர், பரவாயில்லையா?" என்று கேட்பார். பிறகு உங்களிடம் குனிந்து மன்னிப்புக் கேட்பார்.

ஹொக்கைடோவின் ஒட்டாரு நகரில் ஒரு பொதுக் குளியல் கூடம் 'ஜப்பானியருக்கு மட்டும்' என்று பலகை வைத்தது. வழக்குத் தொடுத்த மூவரில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கியவர், அவரையும் முகத்தைப் பார்த்து உள்ளே விடவில்லை. 2002இல் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் யென் கொடுக்கச் சொன்னது, ஆனால் தடுக்கத் தவறிய நகராட்சியின் மேல் குற்றம் இல்லை என்றது. அங்கே மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த கொரியர்கள் இன்றும் பலர் வெளிநாட்டவர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016இல் வந்த தேசியச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியர் முதலில்' என்று முழங்கிய சான்செய்தோ கட்சிக்கு 14 இடங்கள் கிடைத்தன. அங்கே போகும் நம்மவரில் பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். காரணம், அவர்கள் விருந்தாளியாகப் போகிறார்கள், விருந்தாளியாகவே நடத்தப்படுகிறார்கள். எதிர்பார்ப்பும் நடப்பும் ஒத்துப்போகின்றன. அங்கே நிரந்தரமாக ஆக நினைக்கும் நாளில்தான் கணக்கு மாறும்.

பர்மிங்காம் நேர்மாறு. அங்கே கசப்பு வெளிப்படை. அதை ஒட்டியிருக்கும் ஸ்மெத்விக் ஊரில் 1964 தேர்தல் கறுப்பர் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தைக் காட்டியே நடந்தது. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க உள்ளூர் மன்றம் திட்டமிட்டது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் வந்து நடந்தார். ஒன்பதே நாளில் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டனின் முதல் சட்டம் அதே ஆண்டு வந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் அதை நீட்டிக்க 1968 ஆயிற்று. அதை எதிர்த்து ஈனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ரத்த ஆறு ஓடும் என்ற தொனியில் பேசியதும் பர்மிங்காமில்தான். அந்த ஊரில் 2021 கணக்கெடுப்பில் வெள்ளையர் பாதிக்கும் கீழே, 48.6 சதவீதம். ஆசியர் 31 சதவீதம். பக்கத்தில் டிவிடேலில் பாலாஜி கோயில் இருக்கிறது. மகளின் வகுப்பில் அவள் தோல் நிறத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனாலும் 2024 ஆகஸ்டில் சவுத்போர்ட் ஊரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டதை ஒட்டி ஒரு பொய்ச் செய்தி பரவி, இங்கிலாந்தின் பல ஊர்களில் கலவரம் நடந்தது. ராதரமில் அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். அந்த வாரம் எங்கள் மையத்துக்கு வரும் தாதிகள் சிலர் வேலைக்கு டாக்சியில்தான் போனார்கள். இரண்டே ஆண்டுக்கு முன்னால்தான் ரிஷி சுனக் பிரதமர் ஆகியிருந்தார். டோக்கியோவில் அந்த இரண்டில் எதையும் நீங்கள் பார்க்கப்போவதில்லை.

அன்றாட வாழ்க்கையில் உங்களைக் களைப்பாக்கப்போவது பெரும்பாலும் இந்தப் பெரிய சம்பவங்கள் அல்ல. கடைக்காரர் உங்களுக்கு மட்டும் மிச்சக் காசைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கிறார். அது இனவெறியா, எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கிறாரா, அல்லது அன்றைக்கு அவருக்கு வயிற்று வலியா? பெரும்பான்மையாக வாழும்போது இந்த யோசனையே வராது. ஒருவர் முரடாக இருந்தால் முரடர், அவ்வளவுதான். சிறுபான்மையானதும் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது விளக்கம் ஒன்று தயாராக வந்து நிற்கும், பெரும்பாலும் எது சரி என்று தெரியவும் தெரியாது. நான் கைக்கொள்ளும் வழி இது: ஒரு முறை நடந்தால் விட்டுவிடுவேன். அதே இடத்தில் மறுபடி நடந்தால், எனக்கு அடுத்து நிற்பவரிடம் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பேன். வீடு, வேலை, பள்ளி, போலீஸ் இந்த நான்கிலும் என்றால் முதல் தடவையே எழுத்தில் பதில் கேட்பேன். தேவையில்லாமல் சந்தேகப்பட்டேனோ என்ற கூச்சத்தை இந்த நான்கில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

உங்கள் முடிவுக்கு வருகிறேன். மூன்று நான்கு ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்புவதாக இருந்தால் டோக்கியோ போங்கள்; நிம்மதியாக இருப்பீர்கள். தனியார் தரகரிடம் அலையாமல் யூஆர் என்ற பொது வாடகைக் குடியிருப்புகளைப் பாருங்கள். அங்கே உத்தரவாதம் போட ஆள் கேட்பதில்லை, முன்பணமாக உரிமையாளருக்குத் தரும் 'நன்றிப் பணம்' இல்லை, உரிய விசா இருந்தால் வெளிநாட்டவருக்கும் கொடுக்கிறார்கள். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பக்கத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் உண்டு. உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தால் மகள் ஒன்றிரண்டு ஆண்டில் ஜப்பானிய மொழியில் சரளமாகப் பேசுவாள், ஆனால் எல்லாரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற அழுத்தத்தையும் சந்திப்பாள். பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட ஜப்பானிய மாணவியையே கறுப்புச் சாயம் பூசச் சொல்லி வழக்கு நீதிமன்றம் வரை போன நாடு அது.

மகள் பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்து, அந்த நாட்டுக்காரியாகவே ஆக வேண்டும் என்று நினைத்தால் என் ஓட்டு பர்மிங்காமுக்கு. அங்கே அவள் பாகுபாட்டைக் கட்டாயம் உணர்வாள், உங்களிடம் வந்து சண்டையும் போடுவாள். ஆனால் பிடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, புகார் எழுத இடம் இருக்கிறது, அவளுக்கு முன்னால் அதே சண்டையைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: முதல் ஆறு மாத வீட்டுக்கு அவர்கள் பொறுப்பேற்பார்களா, நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்பச் செலவில் பங்கு தருவார்களா. டோக்கியோ நிறுவனத்திடமும் முதல் கேள்வியைக் கேட்கலாம். பிறகு சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தங்கையிடம், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, பள்ளியில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். ஆறு வயதில் எதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் விட்டாள் என்பது இப்போது உங்களுக்குத்தான் தேவைப்படும் தகவல்.